குளிர்பட்டால் தடிப்பு: கை வீக்கத்தை விடக் குளத்தில் வந்த தலைச்சுற்றைப் பாருங்கள்

சகோதரி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: புதுக்குடியிருப்புப் பக்கம், தம்பிக்கு 22 வயது, முல்லைத்தீவுக் கரையில் மீன் பெட்டிக்கு ஐஸ் போடும் வேலை. இரண்டு மாரியாக, ஐஸ் அள்ளிய கை சிவந்து தடித்து வீங்குகிறது. விடியப்புறம் மோட்டார் சைக்கிளில் போனால் கன்னத்திலும் தொடையிலும் திட்டுத் திட்டாகத் தடிப்பு, பொறுக்க முடியாத கடி. ஒரு மணித்தியாலத்துக்குள் தடம் தெரியாமல் போய்விடுகிறது. ஒருவர் இரத்தம் அசுத்தம் என்கிறார், இன்னொருவர் கிரந்திச் சாப்பாட்டை, அதாவது கடியைக் கிளப்பும் என்று சொல்கிற உணவுகளை, நிறுத்தச் சொல்கிறார், பாமசியில் பிரிட்டன் (Piriton) என்ற கடிக் குளிசை தந்திருக்கிறார்கள். எதைச் சாப்பிடக்கூடாது, எப்போது மாறும் என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், “போன மாதம் குளத்தில் முழுகிவிட்டு ஏறும்போது தலை சுற்றி அப்படியே இருந்திட்டான்” என்று எழுதியிருக்கிறீர்கள். தோல் கிளினிக்கில் வேலை செய்கிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அந்த வரிதான். உண்மையில் நீங்கள் கேட்பதும் “இது ஆபத்தா?” என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் சாப்பாட்டைப் பின்னுக்கு வைத்துவிட்டுக் குளத்திலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் சொன்ன அடையாளங்கள் குளிரால் வரும் காணாக்கடிக்கு, அதாவது தோல் திடீரென்று தடித்துக் கடித்து மறைகிற நோய்க்கு, நன்றாகப் பொருந்துகின்றன. மருத்துவர்கள் கோல்ட் அர்ட்டிகேரியா என்பார்கள். நம் தோலுக்குள் மாஸ்ட் செல் என்று ஒருவகைக் கலங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் பொதி பொதியாக அடைத்து வைக்கப்பட்டிருக்கும். இந்த நோய் உள்ளவருக்குத் தோல் குளிர்ந்ததும் அந்தப் பொதிகள் உடைந்து கொட்டிவிடுகின்றன. ஹிஸ்டமின் பட்ட இடத்தில் சிறு இரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, தோல் மேடாகிறது. நரம்பு முனைகளைத் தூண்டுவதால் கடிக்கிறது. பலருக்குக் குளிர் படும்போதே தடிக்காது, கையை எடுத்துச் சூடு திரும்புகிற நிமிடங்களில்தான் தடிப்பு எழும்பும். “ஐஸ் அள்ளும்போது ஒன்றுமில்லை, தேத்தண்ணி குடிக்க வந்து இருந்த பிறகுதான் கை வீங்குது” என்று நீங்கள் எழுதியிருப்பதும் அதுதான்.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. எவ்வளவு தோல் குளிர்கிறதோ அவ்வளவு ஹிஸ்டமின். இரண்டு கை மட்டும் குளிர்ந்தால் வீக்கம் கையோடு நின்றுவிடும். கழுத்தளவு தண்ணீரில் முழுகினால் உடம்பின் முழுத் தோலும் ஒரே நேரத்தில் கொட்டுகிறது. அது இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதிலும் குழாய்களை விரித்துவிடும். இரத்த அழுத்தம் விழும், தலை சுற்றும், கண் இருட்டும், சிலருக்கு வயிற்றைப் பிரட்டும், மூச்சு இழுக்கும். கரையில் என்றால் விழுந்தவரைத் தூக்கலாம். ஆழத்தில் என்றால் நீந்தத் தெரிந்தவரும் சத்தமில்லாமல் தாழ்ந்து போவார். இந்த நோயில் உயிர் போன சம்பவங்கள் பெரும்பாலும் தண்ணீருக்குள் நடந்தவை. குளத்தால் ஏறித் தலை சுற்றி இருந்த உங்கள் தம்பிக்கு வந்தது களைப்பாகவும் இருக்கலாம், வெறும் வயிறாகவும் இருக்கலாம். ஆனால் உடம்பில் தடிப்பும் கூடவே வந்திருந்தால், அது முழு உடம்பு எதிர்வினைதான் என்று எடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். அன்று உடம்பெல்லாம் சிவந்திருந்ததா என்று அவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

“வன்னியில் என்ன குளிர்?” என்று பலர் நினைப்பார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தடிப்புத் தொடங்குகிற ஒரு வெப்பநிலை இருக்கும். ஒருவருக்கு 5 பாகை செல்சியஸ் குளிர் பட்டால்தான் தடிக்கும், இன்னொருவருக்கு 20 பாகையே போதும். கனடாவில் பனியைத் தொட்டால் மட்டும் தடிக்கிறவருக்கு வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒன்றும் செய்யாது. இங்கே மார்கழி தையில் இரவு வெப்பநிலை சாதாரணமாக 20 பாகையை ஒட்டித்தான் இறங்குகிறது, குளத்துத் தண்ணீர் அதைவிடச் சூடு. அந்தத் தண்ணீரே ஒருவரைத் தலை சுற்ற வைத்தது என்றால் அவருடைய எல்லை உயரத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். எல்லை உயர உயர ஆபத்தும் கூடும். நம்முடைய இடம் சூடு என்பதால் நோய் இலேசு என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். காற்றும் இதில் சேரும். ஈரத் தோலில் வாடைக்காற்று அடித்தால் ஈரம் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணீருக்குள் நிற்கும்போது வராத தடிப்பு, கரையேறி ஈரச் சாரத்தோடு நிற்கும்போது வருவது இதனால்.

ஆகவே வைத்தியர் பார்த்து அளவு சொல்லும்வரை குளம், கடல், வாய்க்கால் எதிலும் இறங்கக் கூடாது. இரணைமடுவோ முத்தையன்கட்டோ நாயாற்றுக் கடலோ, “முழங்கால் மட்டும்தானே” என்ற பேச்சுக்கு இடம் வைக்காதீர்கள். பிறகு அனுமதித்தாலும் தனியாக இறங்கக் கூடாது. கூடப் போகிறவருக்கு இவருடைய நோய் தெரிந்திருக்க வேண்டும். படகில் போவதாக இருந்தால் மிதவை அங்கி கட்டாயம்.

வீட்டில் குளிப்பதற்கு ஒரு சின்ன விசயம். கிணற்றின் அடித் தண்ணீர் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகத் தெரிவது இதனால்தான். இரவு முழுக்கத் திறந்த தொட்டியிலோ கூரைத் தாங்கியிலோ கிடந்த தண்ணீர் அதைவிடக் குளிர்ந்துவிடும். எனவே தாங்கித் தண்ணீரை விட்டுவிட்டு அப்போது அள்ளிய தண்ணீரை எடுங்கள். அதிலும் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் கலந்து, விரலை வைத்தால் குளிரும் தெரியாமல் சுடவும் சுடாமல் இருக்க வேண்டும். முதலில் ஒரு முன்னங்கையில் ஊற்றிப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தடிக்காவிட்டால் குளிக்கலாம். திறந்த முற்றத்துக் கிணற்றடியில் நின்று குளிப்பதை விட்டு, காற்று அடிக்காத மறைவில் குளித்து, துவாயால் துடைத்து, உலர்ந்த சட்டை போட்ட பிறகே வெளியில் வர வேண்டும். தலை ஈரத்தோடு மின்விசிறிக்குக் கீழ் இருப்பதும் வேண்டாம். வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிக்க வைக்கச் சொல்லியிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், உதவுவது அந்தச் சூடு. ஆனால் மஞ்சள் அரைத்து ஈரமாகப் பூசிக் காயவிடுவது வேண்டாம். அது காயும்போது தோலைக் குளிர வைக்கும்.

மீண்டும் அப்படி ஒரு மயக்கம் வந்தால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் நம் வழக்கம் இதில் பிழையாகப் போகும். மயங்கி விழுந்தவரின் முகத்தில் தண்ணீர் தெளிப்போம், குடிக்கக் குளிர்ந்த சோடா கொடுப்போம், பிடித்து நிமிர்த்தி இருத்துவோம். இவருக்கு இந்த மூன்றும் கூடாது. தண்ணீரிலிருந்து எடுத்து, ஈர உடுப்பைக் கழற்றி, துடைத்து, போர்வையால் சுற்றிப் படுக்க வையுங்கள். கால் இரண்டையும் ஒரு பெட்டியிலோ தலையணையிலோ உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டுகிறது என்றால் மட்டும் சாய்ந்து இருக்க விடலாம். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்புங்கள். கொஞ்சம் தெளிந்ததும் எழுந்து நடக்க விடாதீர்கள், அழுத்தம் மறுபடி விழும். உடனே 1990க்கு அழைத்து நோயாளர் வண்டியைக் கூப்பிடுங்கள், அல்லது கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் படுத்தபடியே கொண்டு போங்கள். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டு போக வேண்டாம். அங்கே அவர்கள் கொடுக்க வேண்டிய முதல் மருந்து அட்ரினலின். வளர்ந்தவருக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேறாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மீண்டும். காணாக்கடிக் குளிசையும் ஸ்டீராய்ட் ஊசியும் அதற்குப் பிறகுதான், அவை அழுத்தத்தை நிமிர்த்தாது. “குளிர் பட்டு வந்தது, அலர்ஜி மயக்கம்” என்று வாசலிலேயே சொல்லுங்கள். தடிப்பு மறைந்துவிட்டிருந்தால் அவர்கள் வேறு எதையோ தேடி நேரம் போகும்.

இது நூறு வீதம் அந்த நோய்தானா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. உறுதிப்படுத்துவதற்கு எளிமையான சோதனை இருக்கிறது. உருகத் தொடங்கிய ஐஸ் கட்டி ஒன்றை மெல்லிய பொலித்தீன் பையில் போட்டு, முன்னங்கையின் உட்பக்கத்தில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். பை எதற்கென்றால், தண்ணீர் பட்டாலே தடிக்கிற இன்னொரு அரிய வகையும் உண்டு, அதைப் பிரித்தறியத்தான். வெறும் சிவப்பு கணக்கில்லை, ஐஸ் வைத்தால் எவருக்கும் சிவக்கும். விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படுகிற மேடு, ஐஸ் கட்டியின் அதே உருவத்தில் வர வேண்டும். வந்துவிட்டால் நேரத்தைக் குறைத்துக் குறைத்து வைத்துப் பார்ப்பதும் உண்டு. மூன்று நிமிடத்துக்குக் குறைவாக வைத்தும் தடித்தால் கடுமையான பக்கம் என்று கொள்வார்கள். காணாக்கடிக் குளிசை சோதனையை மறைத்துவிடும் என்பதால் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதை வாசித்துவிட்டு வீட்டில் பிரிட்ஜ் ஐஸை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டாம், தலை சுற்றல் வந்த ஒருவருக்கு அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது வேறு. கிளினிக் வரிசையில் நின்று உள்ளே போகும் நேரம் தடிப்பு ஒன்றும் இராது, வைத்தியர் வெறும் கையைத்தான் பார்ப்பார். எனவே தடித்தவுடன் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள். குளிர் காணாக்கடி பெரும்பாலும் ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் கோட்டுக்குள் வெறும் தோலாகிவிடும். அதே இடத்தில் 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்று, கடியை விட எரிவு கூடி, போகும்போது கன்றிய நிறத்தை விட்டுச் சென்றால் அது வேறு நோய், இரத்தக் குழாய் அழற்சி. தோலில் இருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டி வரும். குழந்தைப் பருவத்திலிருந்தே, குளிர் பட்டுச் சில மணித்தியாலம் கழித்து, காய்ச்சலும் மூட்டு நோவும் சேர்ந்து வந்தால் அது பரம்பரை வகை. அதற்கு ஐஸ் சோதனை சரியாக வராது, குளிசையும் வேலை செய்யாது. ஓடினாலோ வெயிலில் வியர்த்தாலோ ஊசி முனை அளவில் பொட்டுப் பொட்டாக வருவது குளிரால் அல்ல, சூட்டால் வருகிற இன்னொரு காணாக்கடி. மசுக்குட்டி பட்ட தடிப்பை நம் ஆட்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.

இனி இரத்தமும் சாப்பாடும். இரத்தம் அசுத்தமாகி வருவதல்ல இது, பேதி மருந்து கொடுத்து மாற்றுவதற்கும் இல்லை. பெரும்பாலானவர்களில் மாஸ்ட் செல் ஏன் திடீரென்று குளிரைக் கண்டு மிரளத் தொடங்குகிறது என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் முடிந்த முடிவு இல்லை. குளிரில் தோலுக்குள் உருவாகும் ஏதோ ஒன்றை உடம்பு அந்நியமாக எண்ணுகிறது என்பது வலுவான ஊகம். சிலருக்கு வைரஸ் காய்ச்சல் ஒன்றுக்குப் பிறகு தொடங்குகிறது. சிறு தொகையினருக்கு ஈரல் அழற்சி போன்ற தொற்றோ, குளிரில் உறையும் புரதமோ பின்னால் இருக்கும். அந்தப் புரதத்தைத் தேடும் சோதனைக்கு இரத்தத்தை எடுத்தது முதல் பிரிக்கும்வரை உடற்சூட்டிலேயே, 37 பாகையில், வைத்திருக்க வேண்டும். சாதாரணமாக எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்பிய இரத்தத்தில் “இல்லை” என்று வந்தால் அதற்குப் பெறுமதி கிடையாது. அது எல்லோருக்கும் தேவையும் இல்லை. முழு இரத்த எண்ணிக்கையும் அழற்சிக்கான ஒரு சோதனையும் தொடக்கத்துக்குப் போதும். உடல் மெலிவு, தொடர் காய்ச்சல், காலில் ஊதாப் புள்ளிகள் இருந்தால் மட்டும் மேலே தேடலாம். பெரும் பணம் கொடுத்து உணவு அலர்ஜிப் பட்டியல் சோதனை செய்வது இதற்குத் தேவையில்லாத செலவு. கத்தரிக்காய், இறால், நண்டு, அன்னாசி எல்லாவற்றையும் கிரந்தி என்று நிறுத்தி உழைக்கிற பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். அவருக்கு உணவில் ஒரே விலக்குத்தான், குளிர்: ஐஸ்கிறீம், ஐஸ்பழம், ஐஸ் போட்ட ஜூஸ், பிரிட்ஜில் வைத்த சோடா. இவை உதட்டையும் நாக்கையும் தொண்டையையும் வீங்கச் செய்யலாம். நண்டு சாப்பிட்டால் எந்தக் காலத்திலும், வெயிலிலும், தடிக்கிறது என்றால் மட்டும் அது தனி நோய்.

மருந்துக்கு வருகிறேன். பிரிட்டன் பழைய குளிசை, பிழையானதல்ல. ஆனால் நான்கு முதல் ஆறு மணித்தியாலத்தில் அதன் வேலை இறங்கிவிடும், நித்திரை தூக்கும். விடியற்காலையில் பரந்தன் வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அது தனி ஆபத்து. இப்போது முதலில் கொடுப்பது செட்டிரிசின் 10 மில்லிகிராம், அல்லது லோரட்டடின் 10, அல்லது பெக்சோபெனடின் 180, நாளுக்கு ஒன்று. அதிகம் பேர் பிழை விடும் இடம் இதுதான்: தடித்த பிறகு போடுகிறார்கள். கொட்டிய ஹிஸ்டமினைக் குளிசை திரும்ப அள்ளாது. அது போய்ச் சேரும் வாசலை முன்கூட்டியே அடைத்து வைக்கத்தான் குளிசை. ஆகவே கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வைத்தியர் நிறுத்தச் சொல்லும்வரை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் போட வேண்டும். செட்டிரிசினும் சிலருக்கு நித்திரையைத் தரும், அவர்கள் இரவில் போடலாம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் போதாவிட்டால் வைத்தியர் அளவை இரண்டு மடங்காக்குவார், தேவைப்பட்டால் நான்கு மடங்கு வரை. உலக வழிகாட்டலே அப்படித்தான் சொல்கிறது, துண்டில் “காலை 2, இரவு 2” என்று கண்டு பயப்பட வேண்டாம், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். குறிப்பாக வவுனியாப் பக்கக் கிராமங்கள் சிலவற்றில் சிறுநீரக நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்குச் செட்டிரிசினைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைக்க வேண்டும். பெக்சோபெனடினைத் தோடம்பழச் சாறோடு விழுங்கினால் உடம்பு சரியாக உறிஞ்சாது, வெறும் தண்ணீரோடு போடுங்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்ட் குளிசையை மாதக்கணக்கில் விழுங்குவது இந்த நோயில் பலனும் குறைவு, கேடும் அதிகம். எதற்கும் அடங்காதவர்களுக்கு ஒமலிசுமாப் என்ற ஊசி நன்றாக வேலை செய்கிறது, விலைதான் தடை. டொக்சிசைக்கிளின் போன்ற அன்டிபயோடிக் சிலருக்கு மாற்றியதாகச் சொல்வார்கள், சான்று மெலிவு. குளிர் தண்ணீரில் நாளாந்தம் குளித்துப் பழக்கினால் போகும் என்பதும் முழுப் பொய்யல்ல. ஆனால் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் தொடங்க வேண்டியது, சில நாள் விட்டாலே பழையபடி வந்துவிடும். தம்பியை அதற்கு விடாதீர்கள்.

வேலையை விட வேண்டுமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் கடிதம் முழுக்க அந்தப் பயம் தெரிகிறது. கையில் மட்டும் தடிப்பு, குளிசையில் அடங்குகிறது என்றால் பாதுகாப்போடு தொடரலாம். வெறும் ரப்பர் கையுறை போதாது, குளிரை அது அப்படியே கடத்தும். உள்ளே மெல்லிய கம்பளியோ பருத்தியோ, வெளியே முழங்கை வரை வரும் ரப்பர். உள்ளுறை வியர்வையில் நனைந்ததும் பயன் போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று சோடி உள்ளுறை கொண்டு போய் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸைக் கையால் அள்ளாமல் தகரச் சவளால் ரெஜிபோம் பெட்டிக்குள் தள்ளட்டும். உப்புத் தண்ணீர் கலந்த ஐஸ் பூச்சியத்துக்கும் கீழே குளிரும், அதற்குள் கையை விட்டு மீன் எடுப்பதை வேறொருவரிடம் விட வேண்டும். குளிரூட்டி அறைக்குள் நுழையும் வேலை மட்டும் வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிடுங்கள், அங்கே குளிர்வது முழு உடம்பு. மோட்டார் சைக்கிளில் கண்ணாடி மறைப்புள்ள தலைக்கவசம், கழுத்து வரை மூடும் காற்றுப் புகாத சட்டை, நீளக் காற்சட்டை. மழை வரும் போல் இருந்தால் நனைவதற்கு முன்பே மழைக்கோட்டு. நனைந்தால் ஓடாமல் ஒதுங்கி உடுப்பு மாற்ற வேண்டும். கொழும்புக்குக் குளிரூட்டிய இரவு பஸ்ஸில் போவதென்றால் போர்வையும் சொக்சும், நுவரெலியாச் சுற்றுலாவில் அருவிக் குளிப்புக்கு இடமில்லை. எப்போதாவது சத்திர சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், நரம்பில் ஏற்றும் சேலைனைச் சூடாக்கி ஏற்றுவார்கள்.

முல்லைத்தீவு மாவட்ட ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கேளுங்கள். போகும்போது முதல் வசனமாகக் குளத்துச் சம்பவத்தைச் சொல்லுங்கள், கை வீக்கம் இரண்டாவது. அட்ரினலின் ஊசி வீட்டில் வைத்திருக்க வேண்டுமா என்று அவர்களிடமே கேளுங்கள். தானாகக் குத்தும் பேனை வகை எங்கள் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை, மாற்று வழியை அவர்கள் சொல்வார்கள்.

மாறுமா என்றால், பலருக்கு மாறுகிறது. சராசரியாக ஐந்து வருடங்களை ஒட்டி எடுக்கும். சிலருக்கு அதற்குள் தணிந்துவிடும், சிலருக்கு பத்து வருடத்தையும் தாண்டும். யாருக்கு எப்போது என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை கிடையாது. நம் ஊரில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பங்குனி சித்திரை வெக்கையில் தடிப்பு வராததைக் கண்டு “மாறிவிட்டது” என்று குளிசையை நிறுத்தி, அடுத்த மாரியில் முதல் முழுக்கிலேயே விழுகிறார்கள். வெக்கையில் வராதது நோய் போனதால் அல்ல, குளிர் இல்லாததால். நிறுத்திப் பார்ப்பதென்றால் ஒரு முழு மாரியையும் தடிப்பில்லாமல் கடந்த பிறகு, வைத்தியரிடம் சொல்லி, ஐஸ் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, குளிர் இருக்கும் மார்கழி தையிலேயே மெல்லக் குறைக்க வேண்டும். அப்போதும் முதலில் வாளித் தண்ணீரில் கையை வைத்துப் பார்க்கட்டும். குளம் எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் யாராவது கரையில் நிற்க.